பரணில் ஒரு சந்திர மண்டலம்

செம்பூரில் நம் சங்க அன்பர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மும்பையில் வாழும் நேயர்களுக்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டறை வீட்டுச் சாமான்களை ஓரறை வாடகை வீட்டுக்குள் அடைத்துக்கொண்டு, புது வீட்டின் சாவி கைக்கு வரும் நாளை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பாத்திரம் பண்டங்களுக்கு எப்படியும் இடம் கண்டுவிடலாம். குடும்பத்தில் கலகம் விளைப்பவை பரண்மேல் உள்ளவைதாம்.

அன்பர் வீட்டுப் பரணில் இருந்தவை ஏறக்குறைய 300 வீடியோ கேசட்டுகள், 25 லேசர் டிஸ்க்குகள், மூன்று டெக்குகள். படங்கள் யாவும் ஒரே இனம்: ராக்கெட்டில் ஏறி மனிதர் வானுலகு செல்வதும், வானுலகத்தார் இறங்கி இங்கு வருவதுமான பழைய கற்பனைக் கதைகள். "இவருடைய சந்திர மண்டலத்தை ரத்திக்காரன்கூட வேண்டாமென்கிறான். காகிதமாயிருந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்லுவானாம், கேசட்டுக்கு விலையே இல்லையாம்" என்றார் வீட்டு அம்மையார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசனை சொல்ல அன்பர் நம்மை அழைத்திருந்தார். நாமும் சென்றோம். யோசனை கூறியதைவிட அங்குக் கற்றுக்கொண்டதே மிகுதி. ஒரு பிழையும் செய்துவிட்டு வந்தோம். அதனையும் மறைக்காமல் கூறுவோம்.

அன்பர் கப்பலில் பொறியாளராக உழைத்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூர், யோகோஹாமா, நியூயார்க் என்று கப்பல் நின்ற துறைமுகந்தோறும் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். மற்றவர்கள் தங்கமும் சென்டு புட்டியும் வாங்கி வந்த காலத்தில் இவர் பெட்டியில் செவ்வாய்க் கிரகம் வந்திறங்கிற்று.

இளைஞர்களுக்காகச் சிறிது பழங்கதை சொல்ல வேண்டும். ஜப்பானின் சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமாக்ஸை வெளியிட்டது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ்.ஸைக் கொணர்ந்தது. இரண்டுக்கும் நடந்த போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. நம் நாட்டில் 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபின், சனிக்கிழமை மாலை டெக்கை வாடகைக்கு எடுத்து, அண்டை வீட்டாரையும் அழைத்து வைத்துக்கொண்டு விடிய விடிய மூன்று படம் பார்த்ததை நம் நேயர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது படத்தை முழுதும் விழித்திருந்து பார்த்தவர் யார் என்று கேட்கவேண்டாம்.

லேசர் டிஸ்க் என்பது வேறு. 1978-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தோசைக்கல் அளவு, 30 செண்டிமீட்டர் அகலம், கண்ணாடிபோலப் பளபளப்பு. ஒரு பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொள்ளாது. பாதிப் படத்தில் எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும். இவற்றினும் விந்தையானது ஆர்.சி.ஏ. நிறுவனம் 1981-இல் விற்ற படத்தட்டு. கிராமபோனைப் போலவே ஊசி வைத்துப் படம் ஓட்டுவது. மூன்றே ஆண்டுகளில் அதன் கருவியைச் செய்வதை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. அன்பரிடம் அத்தட்டு ஒன்று உண்டு. ஓட்டிப் பார்க்கும் கருவி இல்லை. சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

இவை அனைத்தும் இன்று மறைந்தவை. பயனியர் நிறுவனம் 2009-இல் லேசர் டிஸ்க் கருவிகளைக் கைவிட்டது. சோனி 2016 மார்ச்சில் பீட்டாமாக்ஸ் கேசட் விற்பனையை முடித்துக்கொண்டது. அவ்வாண்டு ஜூலையில், வி.எச்.எஸ். டெக்கைக் கடைசிவரை செய்துவந்த ஃபூனாய் நிறுவனமும் நிறுத்திற்று. ஆகவே இன்று எங்கேனும் ஒரு டெக் ஓடுகிறதென்றால் அது பழைய டெக்தான். உள்ளேயுள்ள ரப்பர் வார்கள் இறுகியோ இளகியோ போகும். வேறொரு பழைய டெக்கை வாங்கி, அதன் உறுப்பை எடுத்து இதற்குப் பொருத்த வேண்டும். அன்பர் இதற்கென்றே சோர் பஜாரில் வெள்ளிக்கிழமைதோறும் அலைந்தவர்.

"இவ்வளவு பாடும் எதற்கு? இப்பொழுது எல்லாப் படமும் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே!" என்று நாம் கேட்டோம். கேட்கக் கூடாத கேள்வி அல்லவே? அன்பர் விடை கூறவில்லை. பரணில் ஏறி மூன்று பெட்டிகளை இறக்கினார்.

முதலாவது 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்'. இப்படத்தை இயக்கிய ஜார்ஜ் லூகாஸ் 1997-இல் அதனைத் திருத்தி வெளியிட்டார். கணிப்பொறியால் செய்த புதிய உருவங்களைச் சேர்த்தார். நீக்கியிருந்த ஒரு காட்சியைப் புகுத்தினார். உணவு விடுதியில் யார் முதலில் சுட்டார் என்பதையே மாற்றிவிட்டார். அதன்பின் அவர் முதன்மையாக வெளியிட்டவை திருத்திய வடிவங்களே. 2006-இல் டி.வி.டி.யோடு இணைப்பாகப் பழைய வடிவத்தையும் கொடுத்தார்கள். அதற்குப் பயன்பட்டது 1993-இல் லேசர் டிஸ்க்குக்காக எடுத்த பிரதி. படைத்தவரே கைவிட்டதை வழக்கொழிந்த ஒரு தட்டுத்தான் காத்து வைத்திருந்தது. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் 1977-ஆம் ஆண்டின் திரையரங்குச் சுருள் ஒன்றை எடுத்து ஓட்டியபோது அது உலகெங்கும் செய்தியாயிற்று. தம் படைப்பைத் திருத்தும் உரிமை ஆசிரியனுக்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. முதற்பதிப்பைப் படித்தவனிடமிருந்து அதனைப் பிடுங்கிக்கொள்ளும் உரிமை உண்டா என்பதே ஐயம்.

இரண்டாவது ஒரு வேடிக்கை. சோவியத் நாட்டில் பாவெல் குளூஷான்ட்செவ் 1962-இல் வெள்ளிக் கிரகத்துக்குச் செல்லும் வீரர்களைப் பற்றி நல்ல படம் ஒன்று எடுத்தார். அமெரிக்கத் தயாரிப்பாளர் ராஜர் கார்மன் அதனை வாங்கி, பேசில் ராத்போன் முதலிய நடிகரை வைத்துச் சில காட்சிகளைத் தனியே எடுத்து, இடையிடையே ஒட்டி, 1965-இல் வேறொரு படமாக்கினார். போதாதென்று அதே ரஷ்யக் காட்சிகளைக் கொண்டு 1968-இல் இன்னொன்றும் வெளிவந்தது. ஒரே மாவில் இட்டிலியும் தோசையும் ஊத்தப்பமும்! அன்பரிடம் மூன்றும் உள்ளன. அடுத்தடுத்துப் பார்த்தால்தான் எங்கே வெட்டினார்கள், எங்கே தைத்தார்கள் என்பது விளங்குகிறது.

மூன்றாவதை அவர் காட்டியது தம் கட்சிக்கு எதிராகவே. 1956-ஆம் ஆண்டின் 'ஃபர்பிடன் பிளானெட்' சினிமாஸ்கோப்பில் எடுத்த படம். தொலைக்காட்சிப் பெட்டியை நிரப்புவதற்காக இரு பக்கமும் வெட்டிய கேசட்டில் படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலேயே காணாமற் போகிறது. பேசுபவர் இருக்கிறார், கேட்பவரின் மூக்கு மட்டும் தெரிகிறது. "இதை வீசிவிடலாம்" என்று அன்பர் தாமே சொல்லி ஓரமாக வைத்தார். பழையதெல்லாம் சிறந்தது என்னும் பிடிவாதம் அவரிடம் இல்லை என்பது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

மாலையில் ஒரு படம் ஓடிற்று: ஜார்ஜ் பால் தயாரித்த 'டெஸ்டினேஷன் மூன்', 1950. மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்குப் பத்தொன்பது ஆண்டு முந்தியது. அதில் சந்திரத் தரை கோடையில் காய்ந்த ஏரிப் படுகைபோல் வெடித்துக் கிடக்கிறது. 1969-இல் ஆம்ஸ்ட்ராங் கண்டதோ மாவுபோன்ற தூசி. அது போகட்டும். சென்ற நால்வரும் திரும்புவதற்கு எரிபொருள் போதவில்லை. கப்பலின் கனத்தைக் குறைத்தாக வேண்டும். கருவிகளைக் கழற்றி எறிகிறார்கள், வானொலியையும் எறிகிறார்கள், இன்னும் கனம் மிகுதி என்று கணக்குச் சொல்கிறது. நம்மைச் சுற்றிலும் அட்டைப் பெட்டிகள். அம்மையார் கையில் பட்டியல். படத்தைப் பார்த்தபடியே, "இவர்களுக்கும் கட்டடம் இடிக்கிறார்களோ?" என்றார். அன்பர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அவ்வொரு முறைதான்.

இனி நாம் செய்த பிழை.

பெட்டிகளின் அடியில் அச்சிட்ட அட்டை இல்லாத கேசட் ஒன்று கிடந்தது. முதுகில் நீல மையால் 'கலை அரசி' என்று தமிழில் எழுதியிருந்தது. 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். இசை அறியாத வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்ல, கதாநாயகன் அங்கே போய் மீட்டு வருவது கதை. அப்பல்லோவுக்கு ஆறாண்டு முன்னரே தமிழன் வெள்ளித்திரையில் விண்வெளிக்குப் போய் வந்துவிட்டான்! சென்னையில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியபோது அன்பரின் தம்பி பதிவு செய்து, ரயிலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியதாம். அத்தம்பி இப்போது இல்லை. நீல மை எழுத்து அவருடையது.

நாம் ஆவலை அடக்கவில்லை. "போட்டுப் பாருங்கள்" என்றோம். அன்பர் தயங்கினார். கேசட்டைத் திருப்பி, சன்னல்போன்ற துளையில் பார்த்து, "பூசணம் பூத்திருக்கிறது" என்றார். நாடாச் சுருளின் விளிம்பில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது நமக்கும் தெரிந்தது. தூசிதானே என்று எண்ணி மீண்டும் வற்புறுத்தினோம். விருந்தாளியின் சொல்லைத் தட்ட மனமின்றி அவர் போட்டார். சில நிமிடம் திரையில் பனி கொட்டிற்று. கரகரவென்று ஓசை எழுந்தது. டெக் தானே நின்றது. கேசட்டை வெளியே எடுத்தபோது நாடா உள்ளே சிக்கிக்கொண்டு குடல்போல நீண்டு வந்தது.

அன்பர் நம்மை ஒரு சொல்லும் கூறவில்லை. கேசட்டின் அடியிலுள்ள ஐந்து திருகாணிகளையும் கழற்றி, கசங்கிய பகுதியைக் கத்தரித்து, அதற்கென உள்ள ஒட்டு நாடாவால் இரு முனைகளையும் இணைத்தார். வெட்டியது ஒன்றரை மீட்டர். நாடா விநாடிக்கு இரண்டேகால் செண்டிமீட்டருக்குச் சற்று மேலாக ஓடுவது. ஆகவே நம் அவசரத்தால் அழிந்தது ஒரு நிமிடத்துக்குச் சிறிது அதிகமான படம். எந்தக் காட்சி என்றுகூடத் தெரியவில்லை. அத்துண்டை அவர் எறியவில்லை. சுருட்டித் தீப்பெட்டி ஒன்றில் வைத்தார்.

நேயர்கள் வீட்டிலும் கலியாணக் கேசட்டோ, ஊர்த் திருவிழாக் கேசட்டோ இருக்கலாம். மும்பை மழையில் நாடாவுக்குப் பூசணம் பிடிப்பது எளிது. வெள்ளைப் படிவு கண்டால் டெக்கில் இடாதீர்கள். ஒரு கேசட்டின் பூசணம் டெக் வழியே அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். அறிந்தவரைக் கொண்டு துடைத்த பின்னரே ஓட்ட வேண்டும். கேசட்டை முழுதும் ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம்போல் நிற்க வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடி வையுங்கள். முதுகோரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒடித்துவிட்டால் மேலே வேறெதுவும் தவறிப் பதிவாகாது. ஒட்ட நேர்ந்தால் சாதாரண செல்லோ டேப் கூடாது. லேசர் டிஸ்க்குக்குப் பூசணத் தொல்லை இல்லையாயினும், இரு தகடுகளை ஒட்டிய பசை கெட்டால் உள்ளே அலுமினியப் பூச்சு அரித்துப் போகும்; அதற்கு மருந்தில்லை.

பிரான்ஸ் தேசத்து மெலியேஸ் 1902-இல் எடுத்த சந்திர யாத்திரைப் படத்தின் கதையை அன்பர் விடைபெறும்போது சொன்னார். மெலியேஸ் 1923-இல் மனம் நொந்து தம் படங்களின் மூலச் சுருள்களைத் தாமே கொளுத்திவிட்டார். கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1993-இல் பெயர் கூறாத ஒருவர் பார்ஸிலோனா நகரத்துத் திரைப்படக் காப்பகத்துக்கு அத்தகைய பிரதி ஒன்றை அளித்தார். சுருள் முழுதும் ஒட்டிக் கட்டியாகியிருந்தது. பல்லாண்டு பாடுபட்டுப் பிரித்து, 2011-இல் கான் நகரத் திரைப்பட விழாவில் ஓட்டிக் காட்டினர். "அது கட்டியாகிக் கிடந்தது, இது வெறும் பூசணந்தானே?" என்றார் அன்பர். நம்மைத் தேற்றுவதற்காகவே சொன்னார் என்று நினைக்கிறோம்.

முடிவில் அவர் வைத்துக்கொண்டவை 60 கேசட்டுகள், லேசர் டிஸ்க்குகள் முழுவதும், இரண்டு டெக்குகள். பக்கம் வெட்டிய படங்களும், இன்று நல்ல நிலையில் எங்கும் கிடைப்பவையும் போயின. சுவரில் தொங்கிய ஊசித் தட்டு வேண்டாமென்று அவர் சொல்லியும் அம்மையார் எடுத்துப் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டார்.

'கலை அரசி'யைத் துடைத்தாயிற்று. இனி அதனை ஒருமுறை ஓட்டிக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். அன்பரின் இரண்டு டெக்குகளில் ஒன்று அன்றைய பூசணத்தால் தலை கெட்டுக் கிடக்கிறது. மற்றது அமெரிக்க, ஜப்பானிய முறைக் கேசட்டுக்கு மட்டுமே உரியது. நம் நாட்டுப் பால் முறையில் ஓடும் வி.எச்.எஸ். டெக் நல்ல நிலையில் எவரிடமேனும் இருப்பின் சங்க அலுவலகத்துக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். எந்தப் புறநகராயினும் நாமே வந்து சுமந்து செல்வோம். பத்திரமாகத் திருப்பியும் கொடுப்போம். இம்முறை கேசட்டை டெக்கில் இடப்போவது அன்பர்தாம், நாமல்ல.