தொட்டியும் குழாயும்

"கடைக் கணக்கைப் பார்த்தால் நஷ்டம் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. இது என்ன மாயம்?" என்று ஒரு நேயர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மற்ற நேயர்கள் நினைக்கலாம். நியாயமான சந்தேகந்தான். நான் சொந்தமாக ஒரு மிட்டாய்க் கடை கூட நடத்தியதில்லை. இருபது வருஷமாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் என் அநுபவம். அதில் ஒரு கணக்கைப் பையன்கள் எல்லாரும் வெறுப்பார்கள். "ஒரு தொட்டியில் ஒரு குழாய் வழியாக நீர் வருகிறது, மற்றொரு குழாய் வழியாக வெளியே போகிறது, தொட்டி எப்போது காலியாகும்?" என்பதே அது. "ஒரு குழாயை மூடிவிட்டால் போகிறது, எதற்காக ஸார் இந்தக் கணக்கு?" என்று ஒரு முறை கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

அதே பையன் பல வருஷங்களுக்குப் பிறகு, 2020 மே மாத நடுவில், என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் துணி கட்டியிருந்தான். கண்கள் மட்டுமே தெரிந்தன. அவற்றில் சிரிப்பு இல்லை.

அவன் எங்கள் ஊரில் நோட்டுப் புத்தகம் தயாரிக்கிறவன். கோடு போடும் யந்திரங்கள் இரண்டு, வெட்டும் யந்திரம் ஒன்று, ஐந்து வேலையாட்கள். அந்தத் தொழிலில் வருஷம் முழுவதும் செலவு உண்டு. வரவோ ஒரு பருவத்தில்தான். தை, மாசியில் காகிதம் வாங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் தைத்து அடுக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது விற்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் பணம் கொடுப்பது ஆவணியிலா ஐப்பசியிலா என்பது அவரவர் தர்ம சிந்தனையைப் பொறுத்தது.

அந்த வருஷம் அவன் ஒன்பது லட்ச ரூபாய்க்குக் காகிதம் வாங்கியிருந்தான். சொந்தப் பணம் மூன்று லட்சம். பாங்கி ஓவர்டிராப்ட் நான்கு லட்சம். காகித வியாபாரியிடம் கடன் இரண்டு லட்சம். மார்ச்சு மாதம் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். அவை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டேன்.

"நஷ்டமே இல்லை, ஸார்! சரக்கு ஒன்பது லட்சம்; பள்ளிக்கூடங்களிலிருந்து பழைய பாக்கி இரண்டு லட்சத்து அறுபதாயிரம். கடன் ஆறு லட்சம். கழித்துப் பார்த்தால் ஐந்தரை லட்சத்துக்கு மேல் எனக்குத்தான் மிச்சம். ஆனால் கல்லாவில் இருப்பது நாற்பதாயிரம்."

"மாதச் செலவு?"

"கடையும் வீடும் சேர்ந்து ஒரு லட்சத்து ஐயாயிரம்."

நாளொன்றுக்கு 3,500 ரூபாய். நாற்பதாயிரத்தை அதனால் வகுத்தேன். ஐந்தரை லட்சத்துக்குச் சொந்தக்காரனான என் மாணாக்கனுக்குப் பதினோரு நாள் ஆயுள்தான் இருந்தது.

நேயர் கேட்ட மாயம் இதுதான். பேரேடு சொல்வது ஒருவனுடைய ஆஸ்தியை. கல்லா சொல்வது அவனுடைய மூச்சை. ஆஸ்தி நிறைய இருக்கும்போதே மூச்சு நின்று போகலாம். சம்பளத்துக்கு நிற்கும் தொழிலாளியிடம், "உனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் தருகிறேன்" என்று சொல்ல முடியுமா?

இது புதிய வியாதி அன்று. 1930-ம் வருஷத்தை ஒட்டி உலகமெங்கும் வியாபாரம் மந்தித்து நெல் விலை சரிந்தபோது, பர்மாவில் லேவாதேவி செய்த நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கும் இந்த வியாதி வந்தது. கணக்கு எழுதுவதில் அவர்களுக்கு நிகர் யார்? ஆனாலும் கடன் வாங்கிய குடியானவர்களால் பணமாகத் திருப்பித் தர முடியவில்லை. நிலத்தைத்தான் தர முடிந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு ஆயிற்று. வெளியே நின்று பார்த்தவர்கள், "எவ்வளவு நிலம் சேர்த்துவிட்டார்கள்!" என்றார்கள். அவர்கள் விரும்பியது நிலம் அல்ல, பணம். விற்க முடியாத நிலத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பும், 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்த பின் வந்த நிலச் சட்டமும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

என் மாணாக்கன் திண்ணைக்கு வந்தது ஆலோசனை கேட்க அல்ல. ஜாமீன் கையெழுத்துக் கேட்க. இரண்டு லட்ச ரூபாய் மூன்று வட்டிக்குத் தர ஒருவர் தயாராக இருந்தாராம். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு முப்பத்தாறு. நான் உடனே மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "நாளைக்குக் கணக்குப் புத்தகத்தோடு உன் மனைவியையும் அழைத்து வா" என்றேன்.

அந்த அம்மாள் கணக்குப் புத்தகத்தோடு சுவரில் மாட்டும் மாதக் காலண்டரையும் கொண்டு வந்தாள். வீட்டில் பால்காரனுக்கு எந்தத் தேதி, மளிகைக்கு எந்தத் தேதி, சீட்டுக்கு எந்தத் தேதி என்று அந்தந்தக் கட்டத்தில் எழுதி வைப்பது அவள் வழக்கம். "கடைக்கும் இப்படியே எழுதிப் பார்க்கலாமா, ஸார்?" என்று கேட்டாள். நான் சொல்லவிருந்ததை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

பதின்மூன்று வாரத்துக்கு எழுதினோம். வரவேண்டியது நீல மையில். போகவேண்டியது சிவப்பு மையில். அதில் ஒரு கண்டிப்பு வைத்தோம். "வரும்" என்று நம்புகிற பணத்தை எழுதக் கூடாது. இன்னார் இன்ன தேதியில் தருவதாக வாயால் சொன்ன பணத்தை மட்டுமே எழுதலாம். எழுதி முடித்தபோது காலண்டர் முழுவதும் சிவப்பாக இருந்தது. நீலம் ஒரே இடத்தில் இருந்தது. பார்க்க வயிற்றைக் கலக்கியது. ஆனால் இருட்டில் பயப்படுவதைவிட வெளிச்சத்தில் பயப்படுவது நல்லது. எந்த வாரம் பணம் தட்டும் என்று தெரிந்துவிட்டால், அந்த வாரம் வருவதற்கு முன்பே ஏதாவது செய்யலாம்.

முதலில் உள்ளே வரும் குழாயைப் பார்த்தோம். பாக்கி வைத்திருந்த பள்ளிக்கூடங்கள் ஆறு. பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தவன் நாலாவது பெயரில் தயங்கினான். அது நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். நாற்பத்தையாயிரம் ரூபாய், எட்டு மாதப் பாக்கி. அந்த நோட்டுப் புத்தகங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவனே நான்தான். பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நாளாவது விசாரித்தேனா? இல்லை.

மறுநாள் பள்ளிக்கூட நிர்வாகியைப் பார்த்தேன். "பெற்றோர்கள் சம்பளம் கட்டவில்லை; நாங்கள் எங்கே போவது?" என்றார் அவர். அதுவும் வாஸ்தவந்தான். மந்த காலத்தில் ஒவ்வொருவருடைய தாமதமும் மற்றொருவருடைய தலையில் போய் விழுகிறது. "முழுவதும் வேண்டாம், இரண்டு தவணையாகக் கொடுங்கள், தேதி மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டேன். தேதி கேட்டால் மனிதர்களுக்கு மறுப்பது கஷ்டமாக இருக்கிறது. மற்ற ஐந்து இடங்களிலும் அவன் அவ்விதமே கேட்டான். பதின்மூன்று வாரத்தில் 1,45,000 ரூபாய் வந்து சேர்ந்தது. மீதியில் ஒரு பகுதி வரவே இல்லை.

இங்கே சட்டம் ஒன்று உண்டு என்பதைச் சிறு உற்பத்தியாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 2006-ம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும்; ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள்தான். தவறினால் ரிஸர்வ் பாங்கி அறிவிக்கும் பாங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதன் பயனைப் பெறத் தொழிலைப் பதிவு செய்துகொள்வது நல்லது. 'உத்யம்' என்னும் அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆயினும் அடுத்த வருஷமும் அதே வாசலில் ஆர்டருக்கு நிற்க வேண்டியவன் சட்டத்தைக் கையில் எடுக்கத் தயங்குவான். ஆகையால் சட்டம் தெரிந்திருக்கட்டும். பேச்சு முதலில் நடக்கட்டும்.

அடுத்தது சரக்கு. கட்டுப் பிரிக்காத ரீம்கள் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு இருந்தன. காகித வியாபாரி பத்தாயிரம் குறைத்துக்கொண்டு அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டு லட்சக் கடன் அறுபதாயிரமாகக் குறைந்தது. "பத்தாயிரம் நஷ்டமாயிற்றே!" என்று அவன் வருத்தப்பட்டான். ஆனால் அந்தக் காகிதம் மூலையில் தூங்கியிருந்தால் கடன்காரர் தூங்கியிருக்க மாட்டார். ஊரடங்கிலும் மருந்துக் கடையும் மளிகைக் கடையும் திறந்திருந்தன அல்லவா? அவற்றுக்கு வேண்டிய பில் புத்தகங்களைப் பிரித்த காகிதத்தில் அடித்தான். லாபம் சொற்பம், ஆனால் ரொக்கம்.

பிறகு வெளியே போகும் குழாய். அந்த மே மாதத்திலேயே, தவணைகளையும் வட்டியையும் ஆகஸ்டு 31 வரையில் தள்ளிப் போடலாம் என்று ரிஸர்வ் பாங்கி நீட்டித்திருந்தது. இது மன்னிப்பு அன்று, ஒத்திவைப்புத்தான். வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் மூச்சு விட நேரம் கிடைத்தது. கடன் உள்ளவர்களுக்கு, 2020 பிப்ரவரி 29-ல் இருந்த பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு வரையில், வேறு ஜாமீன் இல்லாமல் கூடுதல் கடன் தரும் அவசரத் திட்டத்தையும் சர்க்கார் அறிவித்தது. பாங்கி வட்டி வருஷத்துக்கு 9.25-க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நான்கு லட்சத்துக்கு எண்பதாயிரம் கிடைத்தது. முப்பத்தாறு எங்கே, ஒன்பதேகால் எங்கே! மூன்று வட்டிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். இரண்டு லட்சத்தை அந்த வட்டிக்கு வாங்கியிருந்தால் பதினெட்டு மாதத்தில் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய் ஆகியிருக்கும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது சம்பளம். ஐந்து பேரையும் உட்கார வைத்து, காலண்டரை அவர்கள் முன்னாலேயே விரித்துக் காட்டினான். பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம், அது மட்டும் தேதி தவறாமல் என்று பேச்சு. மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் அவன் தகப்பனார் காலத்து ஆள். அன்று அவன் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

அவளும் வீட்டுச் செலவை 28,000-லிருந்து 15,000-க்குக் கொண்டு வந்தாள். அன்று முதல் கல்லாவிலிருந்து வீட்டுக்குக் கண்டபடி பணம் எடுப்பது நின்றது. மாதம் ஒரு தேதியில், ஒரே தொகை. கை வளையல்களைக் கழற்றிக் கொடுக்க அவள் தயாராக இருந்தாள். "அது கடைசிக் கதவு, அம்மா. மற்றக் கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்த பிறகு அதைத் திறக்கலாம்" என்றேன். திறக்க வேண்டி வரவில்லை. பதிலாக, இரண்டு கோடு போடும் யந்திரங்களில் ஒன்று விலையாயிற்று.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. அன்று அவன் கடை திறந்திருந்தது. லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடை இருந்தது. மூன்று குடும்பங்களுக்கு வேலை இருந்தது.

இப்போது அவன் சில விதிகள் வைத்திருக்கிறான். ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வராமல் காகிதத்தை வெட்டுவதில்லை. காகிதத்தை ஒரே மூச்சில் வாங்காமல் இரண்டு தடவையாக வாங்குகிறான். நல்ல வருஷத்தில், மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்கிறான். திங்கட்கிழமை தோறும் கணவனும் மனைவியும் காலண்டரைப் பார்க்கிறார்கள். இதில் நிபுணத்துவம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து எது எத்தனை நாளைக்கு வரும் என்று பார்ப்பதைப்போலத்தான்.

கடிதம் எழுதிய நேயருக்கு என் பதில் இதுவே: லாபத்தைப் பிறகு பாருங்கள், முதலில் எத்தனை நாளைக்குப் பணம் இருக்கிறது என்று எண்ணுங்கள். தட்டுப்பாடு வருமுன்பே வாய் திறந்து பேசுங்கள். தவணை தவறுமுன் போகிறவனைப் பாங்கி உட்காரச் சொல்லும். தவறிய பின் போகிறவனை நிற்க வைத்துப் பேசும்.

மற்ற நேயர்களுக்கும், எனக்கும் சேர்த்து, ஒரு வார்த்தை. அன்று மாலை நான் வீட்டுக்குத் திரும்பியதும் தெரு முனை மளிகைக் கடையில் என் பற்று எவ்வளவு என்று விசாரித்தேன். 3,700 ரூபாய், இரண்டு மாதமாக. சம்பளம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்த நான், கொடுக்க முடியாமலா கொடுக்கவில்லை? "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சோம்பல்தான். கடைக்காரர் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நிமிஷமே தம் பையனைக் கூப்பிட்டு, எண்ணெய்க்காரருக்குக் கொடுத்துவிட்டு வரும்படி அனுப்பினார்.