தலைவர் இல்லாத கச்சேரி!

"மெயின் பாடகர் போயிட்டா, பின்னாடி வாசிச்சவங்க மூட்டையைக் கட்ட வேண்டியதுதானே?"னு கேட்கிற ஆளா நீங்க? அப்போ 'தி ரெவல்யூஷன்' கதையைக் கேளுங்க.

அமெரிக்காவில், மினியாபொலிஸ்காரர் பிரின்ஸுக்குப் பின்னால் வாசித்த ராக் குரூப் இது. 1983 ஆகஸ்ட் 3, அதே ஊர் 'ஃபர்ஸ்ட் அவென்யூ' கிளப். கிடாரிஸ்ட் வெண்டிக்கு குரூப்போட முதல் மேடை. வயசு 19. (நம்ம பசங்க அரியரை எண்ணிட்டிருக்கிற வயசு!) அன்னிக்கு ரெக்கார்ட் பண்ணினதைத்தான் கொஞ்சம் வெட்டி ஒட்டி, 1984-ல் 'பர்ப்பிள் ரெய்ன்' டைட்டில் பாட்டா வெளியிட்டாங்க.

1986-ல் பிரின்ஸே குரூப்பைக் கலைச்சுட்டார். 2016 ஏப்ரல் 21-ல் அவர் இறந்துபோனார். அந்த செப்டம்பரில் அதே கிளப்பில் மூணு நாள் கச்சேரி. 'பர்ப்பிள் ரெய்ன்' படத்தில் வந்த அதே அஞ்சு பேர்: வெண்டி, லிசா, பாபி இஸட், பிரவுன் மார்க், அப்புறம் டாக்டர் ஃபிங்க். ஆபரேஷன் தியேட்டர் டிரெஸ்ல கீபோர்ட் வாசிக்கிறதால அவர் 'டாக்டர்', அவ்வளவுதான்! 2017-ல் ஊர் ஊரா டூர் வேற.

சரி, யார் பாடறது? சிக்கலே அங்கதான். பிரின்ஸ் மாதிரியே ஒரு டூப்பை நிறுத்தி கல்லா கட்டியிருக்கலாம். செய்யலை. வெண்டியும் மார்க்கும் பாட்டைப் பங்கு போட்டுக்கிட்டாங்க, விருந்தாளிப் பாடகர்களும் வந்தாங்க. பிரின்ஸ் குரல் வருமா? சத்தியமா வராது. ஆனா 1983-ல் அந்தப் பாட்டை வாசிச்ச கைகள் அதே கைகள் பாஸ். அதுக்கு ஏது டூப்?

டவுட்டா? ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு 'பர்ப்பிள் ரெய்ன்' போடுங்க. பிரின்ஸ் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிடார் வருது பாருங்க... அது வெண்டி!