கண்வலிக்கிழங்கு: புரட்டாசியில் நட்டால் காய் பிடிக்குமா?

ஆனி, ஆடியில் நட வேண்டிய கண்வலிக்கிழங்கு இன்னும் கொட்டகையிலேயே கிடக்கிறதா? "விதை விலை நல்லா இருக்கு, புரட்டாசியிலாவது போட்டுடலாம்" என்று தோன்றும். விதைக்காக என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து.

பூவில்தான் சிக்கல்

கண்வலி வேறு யாருமில்லை, நம் மாநில மலரான செங்காந்தள்தான். ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம் பக்கம் இதைப் பூவுக்காக யாரும் வளர்ப்பதில்லை. விதையில் கோல்சிசின் இருக்கிறது. கீல்வாத மருந்துக்குப் போகிறது. ஆனால் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் ஆள் விட்டு, பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள்.

மாதக் கணக்கு

நட்ட 45 முதல் 60 நாளில் பூ வரும். ஆனி, ஆடியில் நட்டால் ஆவணி, புரட்டாசியில் பூ; அடைமழைக்கு முன்பே பெரும்பகுதி காய் பிடித்துவிடும். புரட்டாசியில் நட்டால்? ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் பூக்கும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மகரந்தம் நனைந்து வீணாகும். இலைக்கருகல் வரும். தண்ணீர் தேங்கினால் கிழங்கே அழுகும். கூலி கொடுத்தும் காய் இருக்காது.

முதல் எவ்வளவு?

ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ கிழங்கு தேவை. கிழங்கே கிலோ சில நூறு ரூபாய். அதிலும் கவட்டை மாதிரி இருக்கும் கிழங்கின் நுனியில்தான் முளை. நாள் தள்ளிப்போனால் கொட்டகையிலேயே முளைவிடும். எடுத்து நடும்போது முளை ஒடிந்தால் அந்தக் கிழங்கு போச்சு.

இத்தனை செலவும் எந்த விலையை நம்பி? கண்வலி விதைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. வியாபாரி சொல்வதுதான் விலை. புரட்டாசியில் கேட்ட விலை அறுவடை வரை நிற்கும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

கையில் உள்ள கிழங்கை என்ன செய்வது?

வடிகால் உள்ள மேட்டு நிலத்தில், முளை ஒடியாத கிழங்கை மட்டும் நடுங்கள். விதை வந்தால் லாபம். வராவிட்டாலும் மண்ணுக்குள் புதுக்கிழங்கு உருவாகும். பராமரித்தால் அதே கிழங்கு அங்கேயே சில வருஷம் தழைக்கும். அடுத்த ஆடிக்கு அதுதான் முதல். கடன் வாங்கிப் புதுக்கிழங்கு வாங்குவதை மட்டும் இந்தப் பருவத்தில் தள்ளிப்போடுங்கள்.