விலைக்கு வாங்கிய நற்சான்று



உப்பிலியபுரத்திலிருந்து ஒரு தந்தை நமக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று வரைந்துள்ளார். அவருடைய மூத்த மகனும் மருமகளும் கொல்லிமலை மிளகு, காப்பிக்கொட்டை, மலைத்தேன் முதலியவற்றை வாங்கித் துப்புரவு செய்து, பொட்டலமிட்டு, இணையத்தின் வழியாக வெளியூர்களுக்கு விற்று வருகின்றனர். பொட்டலமிடும் வேலையில் அண்டை வீட்டுப் பெண்கள் மூவர் அமர்ந்துள்ளனர். கூகுளில் கொல்லிமலை மிளகு என்று தேடுவோர்க்கு இவர்களுடைய வலைத்தளம் முதற்பக்கத்திலேயே தோன்றி வந்ததாம். 2025 ஆகஸ்டு மாத இறுதியில் அது திடீரென எங்கோ பின்னுக்குத் தள்ளப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து என வந்த ஆர்டர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்றாகச் சுருங்கின. "எம் பிள்ளைகள் எவரையும் ஏமாற்றவில்லை, சாமி. சரக்கு சுத்தமானது. பின் ஏன் இந்தத் தண்டனை?" என்று கேட்கிறார். இழந்த இடத்தை மூன்றே மாதத்தில் மீட்டுத் தருவதாகத் தொலைபேசியில் உறுதி கூறி, ஒரு நிறுவனத்தார் அறுபதாயிரம் ரூபாய் கேட்கின்றனராம். மருமகளின் நகையை அடகு வைக்கலாமா என்பதே கடிதத்தின் கடைசி வரி.

நகையை அடகு வைக்க வேண்டாம். இதனை முதலிலேயே கூறிவிடுகிறோம். காரணத்தைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் நம் பங்குகளில் இணைய வாணிகத்தில் இறங்கியுள்ள இளந்தம்பதியர் இன்று ஒருவர் இருவர் அல்லர்.

தேடுபொறி எவ்வாறு ஒரு தளத்தை முன்னே வைக்கிறது, இன்னொன்றைப் பின்னே வைக்கிறது? 1998-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர் இருவர், லாரி பேஜ், செர்கே பிரின் என்போர், தாம் கண்ட ஒரு வழியை வெளியிட்டனர். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், அதனை அத்தளத்துக்கு அளிக்கப்பட்ட ஒரு நற்சான்றாகக் கொள்ளலாம் என்பதே அவ்வழி. எல்லாச் சான்றும் ஒரே எடை உடையதன்று; பலராலும் மதிக்கப்படும் தளம் தரும் சான்றுக்கு எடை மிகுதி. நம் வாசகர்க்கு இது புதிதன்று. அயற்பங்கைச் சேர்ந்த மணமகன் ஒருவன் நம் பங்கில் மணம் முடிக்க வந்தால், அவனுடைய சொந்தப் பங்கில் திருமண ஓலை வாசிக்கப்பட்டதற்கும், அவனுக்குத் தடை ஏதும் இல்லை என்பதற்கும் அங்குள்ள குருவின் கடிதத்தைக் கேட்கிறோம். அவனை நாம் அறியோம். ஆயினும் அறிந்தவர் எழுதிய கடிதத்தை நம்புகிறோம். இனி, அந்தக் கடிதத்தையும் முத்திரையையும் கடைத்தெருவில் காசுக்கு விற்கத் தொடங்கினால் என்ன ஆகும்? இணையத்தில் நிகழ்ந்தது அதுவே.

இதற்குப் பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஜே. சி. பென்னி என்பது அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேல் பழைமையுடைய பெருங்கடை. 2010-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில், ஆடை என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தரைவிரிப்பு என்று தேடினாலும் இக்கடையே முதலில் நின்றது. பயணப்பெட்டி செய்யும் நிறுவனத்தின் பெயரையே இட்டுத் தேடினாலும், அந்நிறுவனத்துக்கு முன்னே இக்கடை நின்றது! நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஐயுற்று, அறிந்தார் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தது. அணுப் பொறியியல் பற்றிய பக்கம், பல்கேரிய நாட்டு வீடு மனை பற்றிய பக்கம் என்று, ஆடைக்கும் விரிப்புக்கும் ஒட்டோ உறவோ இல்லாத ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் இக்கடைக்கான இணைப்புகள் நடப்பட்டிருந்தன. 2011 பிப்ரவரியில் செய்தி வெளிவந்தது. அதற்குச் சில நாள் முன்னரே கூகுள் நடவடிக்கை எடுத்துவிட்டது. பயணப்பெட்டித் தேடலில் மாலை ஏழு மணிக்கு முதலாவதாக நின்ற கடை, இரண்டு மணி நேரத்தில் எழுபத்தொன்றாம் இடத்தில் கிடந்தது. தமக்கு ஏதும் தெரியாது என்று கடைக்காரர் கூறினர். அப்பணியை ஏற்றிருந்த நிறுவனத்தை விலக்கினர். இணைப்புகளை அகற்ற முயன்றனர். ஏறத்தாழ தொண்ணூறு நாட்களுக்குப் பின்னரே தண்டனை நீங்கியது.

அதன்பின் கூகுள் ஆள்வைத்துப் பிடிப்பதோடு நில்லாமல், பொறியையே காவலுக்கு நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்னும் புதுப்பிப்பு, உள்ளீடற்ற பக்கங்களைத் தள்ளியது. (கரடியின் பெயர் என்று பலர் எண்ணுவர், நவநீத் பாண்டா என்னும் பொறியியலாளரின் பெயரே அது.) 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின், விலைக்கு வாங்கிய இணைப்புகளைத் தண்டித்தது. 2024 மார்ச்சில், மூன்று புதிய குற்றங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பயனற்ற பக்கங்களை எந்திரத்தைக் கொண்டோ ஆட்களைக் கொண்டோ ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்வது. அவ்வமயம் கூகுளின் தேடல் துறைக்குத் தலைமை வகித்த பிரபாகர் ராகவன், சென்னை ஐஐடியில் பயின்றவர். பின்னர், 2025 ஆகஸ்டு 26 முதல் செப்டம்பர் 22 வரை மீண்டும் ஒரு குப்பை ஒழிப்பு, எல்லா மொழிகளிலும் நடைபெற்றது. உப்பிலியபுரத்துத் தளம் விழுந்த நாட்களும் இவையே.

இனி, கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். அதில் தந்தை போகிற போக்கில் இரண்டு செய்திகளைக் குறிப்பிடுகிறார். அவற்றில்தான் விடை இருக்கிறது. இரண்டாண்டுகளாக மகன் ஒருவருக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் கொடுத்து வந்திருக்கிறான். அவர், "மாதம் இருநூறு இணைப்பு" தருவதாகச் சொல்லியிருக்கிறார். தவிரவும், துறையூரில் மலைத்தேன், முசிறியில் மலைத்தேன், தாத்தையங்கார்பேட்டையில் மலைத்தேன், பெரம்பலூரில் மலைத்தேன் என்று அறுபது ஊர்களுக்கு அறுபது பக்கங்கள் எழுதித் தந்திருக்கிறார். ஊர்ப்பெயர் ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றே. முசிறியில் இவர்களுக்குக் கடையும் இல்லை, கிடங்கும் இல்லை. தேன் கலப்படமற்றது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அறுபது பக்கங்களும் கலப்படமே. மகன் அறியாமற் செய்தான் என்பதையும் நம்புகிறோம். பொறிக்கு அவ்வேறுபாடு தெரியாது.

என்ன செய்யலாம்? முதலில், தண்டனை எவ்வகையினது என்று அறிய வேண்டும். சர்ச் கன்சோல் என்ற பெயரில் கூகுள் தளவுரிமையாளர்க்குக் கட்டணமின்றி ஒரு கணக்கேடு வைத்திருக்கிறது. அதில் மேனுவல் ஆக்‌ஷன் என்னும் பகுதியைத் திறந்து பார்க்கவேண்டும். மனிதர் ஒருவர் பார்த்து எடுத்த நடவடிக்கையாயின் அங்கே அறிவிப்பு இருக்கும். குற்றத்தைக் களைந்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் எழுதலாம். இன்ன தவறு நேர்ந்தது, இன்னவற்றை நீக்கினோம், இதோ பட்டியல் என்று விண்ணப்பம் நேராக இருக்கவேண்டும். அழுகையும் வேண்டா, பிறர்மேற் பழியும் வேண்டா. விடை வரச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகும்.

அப்பகுதியில் ஒன்றும் இல்லையெனில், தள்ளியது பொறி. அங்கே மனுவும் இல்லை, வழக்கும் இல்லை. அதே கணக்கேட்டில் எந்த நாளில் வருகை சரிந்தது என்பதைப் பார்த்து, கூகுள் வெளியிடும் புதுப்பிப்பு நாட்களோடு ஒப்பிட்டு அறியவேண்டியதுதான். குப்பையை நீக்கிய பின், தளம் விதிக்கு இணங்கி நடக்கிறது என்று பொறி அறிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆகும் எனக் கூகுளே கூறுகிறது. விலைக்கு வாங்கிய இணைப்புகளைப் பொறுத்தவரை அது இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: அவற்றால் கிடைத்திருந்த ஏற்றம் ஒருமுறை அழிக்கப்பட்டால் மீளாது.

இவ்விடத்தில் அந்தத் தந்தை மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளவேண்டும். "இழந்த இடத்தை மீட்பது" என்று அவரும் எழுதுகிறார், அந்த நிறுவனத்தாரும் பேசுகின்றனர். அவ்விடத்தில் எவ்வளவு பங்கு நல்ல மிளகினால் வந்தது, எவ்வளவு பங்கு மாதம் நாலாயிரத்தினால் வந்தது? பின்னது இவர்களுடையதாக என்றும் இருந்ததில்லை. அதனை மீட்க எவராலும் இயலாது. முதலிடத்துக்கு உறுதி கூற எவராலும் இயலாது என்பதும் கூகுள் வெளியிட்டுள்ள எச்சரிக்கையே. அறுபதாயிரம் கேட்கும் நிறுவனத்தார் எதை விற்கப் போகிறார்கள்? பெரும்பாலும், அதே சரக்கை வேறு பொட்டலத்தில்.

ஆனால் நீதி எல்லார்க்கும் ஒரே வேகத்தில் நடக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே கூறுவோம். பாடல்களுக்கு உரை எழுதும் ராப் ஜீனியஸ் என்ற அமெரிக்கத் தளம், தனக்கு இணைப்புக் கொடுப்போர்க்குக் கைம்மாறாக விளம்பரம் செய்து தருவதாகப் பேரம் பேசிப் பிடிபட்டது. 2013-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தன் பெயரை இட்டுத் தேடினாலும் முன்னே வராத நிலைக்குத் தள்ளப்பட்டது. அதனிடம் பொறியியலாளர் பலர் இருந்தனர். ஏறத்தாழ 1,78,000 பக்கங்களைத் தாமே எழுதிய நிரலால் சலித்து, தீய இணைப்புகளைத் தேடி நீக்கினர். பத்தே நாளில், 2014 ஜனவரி 4 அன்று, மீண்டும் இடம்பெற்றனர். பெங்குவினால் தள்ளப்பட்ட சிறு வணிகரின் நிலை என்ன? அப்பொறி அக்காலத்தில் எப்போதாவது ஒருமுறைதான் மறுபடி கணக்கிடும். 2014 அக்டோபருக்குப் பின் அது கணக்கிட்டது 2016 செப்டம்பரில். இடைப்பட்ட இரண்டாண்டும், தவறைத் திருத்தியவரும் திருத்தாதவரும் ஒருங்கே வெளியில் நின்றனர். அதன்பின் அது இடையறாது இயங்கும்படி மாற்றப்பட்டது. எனினும் அதற்குள் கடையை மூடியவர்க்கு என்ன ஆறுதல்?

மேலும், தீர்ப்புச் சொல்பவரே சந்தையில் கடையும் வைத்திருக்கிறார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும், ஜெய்ப்பூரிலுள்ள ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் தொடுத்த முறையீட்டில், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விமானப் பயணம் தேடுவோர்க்குத் தன் சொந்தப் பெட்டியையே முன்னிறுத்தியது முதலானவை அதில் குற்றமாகக் காணப்பட்டன. கூகுள் மேல்முறையீடு செய்தது. இதனால் உப்பிலியபுரத்தார்க்கு உடனடிப் பயன் ஒன்றும் இல்லை; ஆயினும், விதியை வகுத்தவர் குற்றமற்றவர் என்ற எண்ணத்தில் நம் பிள்ளைகள் கூனிக் குறுக வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை சிலவே. அந்த அறுபது பக்கங்களையும் தயங்காமல் நீக்குக. அவற்றுக்கு மாறாக ஒரே ஒரு பக்கம், எந்தெந்த ஊருக்கு எத்தனை நாளில் அனுப்ப இயலும், அனுப்புங்கூலி எவ்வளவு என்று மெய்யாக எழுதுக. மாதக் கூலியை இன்றே நிறுத்துக. வாங்கிய இணைப்புகளைக் கூடியமட்டும் அகற்றச் செய்க. எஞ்சியவற்றைப் பட்டியலிட்டு, இவற்றை எம் கணக்கில் கொள்ளற்க என்று கூகுளுக்குத் தெரிவிக்க 2012 முதல் ஒரு வசதி உண்டு. ஆனால் அது கத்தி போன்றது. அறிவிப்பு வந்திருந்தாலன்றி அதனைத் தொடாதிருத்தல் நலம். ஏனெனில் நல்ல சான்றையும் சேர்த்து வெட்டிக்கொண்டோர் பலர்.

பிறகு எழுதுவது மருமகளாக இருக்கட்டும். மிளகு எந்த மாதத்தில் பறிக்கப்படுகிறது, எத்தனை நாள் காய்கிறது, பதரை எப்படிப் புடைத்து நீக்குகிறார்கள், மழை நாளில் தேன் ஏன் நீர்த்துப் போகிறது என்பனவற்றை அவர் அறிவார்; திருச்சியில் அமர்ந்து அறுபது பக்கம் எழுதியவர் அறியார். இடையில் ஓராண்டு ஒடுங்கியே நடக்கும் என்று கணக்கிட்டு, பழைய வாடிக்கையாளர்க்கு நேரே தொலைபேசியில் பேசி விற்கட்டும். முன்பே வாங்கியவர் கூகுளைக் கேட்டு வரவேண்டியதில்லை. பொட்டலமிடும் மூவரில் ஒருவரையும் நிறுத்தாமல் இதனைச் செய்ய முடியுமா என்று கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அறுபதாயிரத்தை நிறுவனத்தாரிடம் கொடுக்காதிருந்தால், அதில் அவர்களுக்குச் சில மாதக் கூலி இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

இதனோடு பங்குப் பேரவையினர்க்கு ஒரு சொல். திருத்தலங்களும் பள்ளிகளும் விழாக்காலத்தில் ஆர்வத்தோடு வலைத்தளம் தொடங்குகின்றன. ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்துவிடுகின்றன. கைவிடப்பட்ட முகவரியை வேறொருவர் வாங்கி, அதன் நற்பெயரைக் கொண்டு சூதாட்ட விளம்பரம் நடத்துவது 2024 மார்ச்சில் பட்டியலில் சேர்ந்த குற்றங்களுள் இன்னொன்று. அரசுத் தளங்களே தப்பவில்லை. 2024 மே மாதத்தில், இந்தியாவின் மாநில அரசுத் தளங்கள் பலவற்றில் பந்தய விளம்பரப் பக்கங்கள் புகுத்தப்பட்டிருந்தது வெளியாயிற்று. ஆலயத்தின் பெயரைத் தேடுவோர் சீட்டாட்டக் களத்துக்குப் போய்ச் சேர்வதைத் தவிர்க்க ஆகும் செலவு, ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். முகவரி எந்த நாளில் முடிகிறது, எவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, திருமணப் பதிவேடு இருக்கும் அலமாரிக்குள் ஒட்டி வையுங்கள்.