ஆயிரம் ஏக்கர் இருந்தும் உடைஞ்ச குடும்பம்

"அமெரிக்காவுல குடும்பம்னு ஒண்ணு ஏதுங்க? 18 வயசானா பிள்ளைங்க தனியாப் போயிடும்" என்று டவுன்ல இருந்து வர்றவங்க நிறைய பேர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அந்த நாட்டுக் குடியானவங்களைப் பத்தின ரெண்டு நாவலை என் மகள் இங்கிலீஷ்ல படிச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எனக்குச் சொன்னாள். அதுல இருக்கிற பாசமும் சண்டையும் நம்ம பங்காளி வீட்டுல இருக்கிற மாதிரியேதான்.

முதல் கதை, ஜான் ஸ்டெய்ன்பெக் எழுதி 1939-ல் வந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. ஓக்லஹோமாவில் வாரத்துக்குப் பயிர் பண்ற ஜோட் குடும்பம். மழையில்லாம மண்ணே புழுதியாப் பறக்குது. நிலத்தை விட்டு விரட்டிட்டு டிராக்டரை இறக்கிடறாங்க. தட்டுமுட்டுச் சாமானை வித்து, ஒரு பழைய வண்டியில கலிபோர்னியாவுக்குக் கூலிவேலை தேடிக் கிளம்புறாங்க. வழியில தாத்தா சாகிறார், அப்புறம் பாட்டி. மாப்பிள்ளை, கர்ப்பமா இருக்கிற பொண்டாட்டியை விட்டுட்டு ஓடிடறான். நடுவழியில வண்டி பழுதானப்ப, சிலர் மட்டும் தங்கிக்கிட்டு மத்தவங்க முன்னாடி போகட்டும்னு ஆம்பளைங்க முடிவு பண்றாங்க. அந்தம்மா ஜாக்கிக் கம்பியைக் கையில எடுத்துக்கிட்டு, யாரும் பிரியக் கூடாதுன்னு நிக்கிறாங்க. ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனா அந்தம்மா குடும்பத்தை விடலை.

ரெண்டாவது, ஜேன் ஸ்மைலி எழுதின 'எ தௌசண்ட் ஏக்கர்ஸ்'. 1991-ல் வந்தது, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கினது. ஷேக்ஸ்பியரோட லியர் மன்னன் கதையை ஐயோவா மாநிலத்துக் காட்டுக்குக் கொண்டு வந்திருக்காங்க. சதுப்பு நிலத்துல மண்ணுக்கடியில குழாய் பதிச்சு, தண்ணியை வடிச்சு, தலைமுறை தலைமுறையாச் சேர்த்த 1000 ஏக்கர். 1979-ல் அப்பா லாரி குக் திடீர்னு மூணு மகளுக்கும் எழுதி வைக்கிறேன்னு சொல்றார். கடைக்குட்டி வக்கீல். அவள் கொஞ்சம் தயங்கினாள். அவ்வளவுதான், அவளுக்குப் பங்கு கிடையாதுன்னுட்டார். மத்த ரெண்டு பேரும் அப்பா பேச்சை மீற முடியாம வாங்கிக்கிறாங்க. பன்றிக் கொட்டகை கட்ட பெரிய கடன், அப்புறம் அப்பாவே கோர்ட்டுக்குப் போறார், கடைசியில நிலமும் கைவிட்டுப் போகுது.

ஊர் அந்த அப்பாவைப் பெரிய மனுசன்னு கும்பிடுது, மகள்களைப் பேராசைக்காரிங்கன்னு ஏசுது. அவர் சின்ன வயசுல அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் செஞ்ச கொடுமை ஊருக்குத் தெரியாது. அதை வாயால சொல்லவே கூசும். மூத்தவளுக்கு ஐந்து தடவை கரு கலையுது. நிலத்துல போட்ட உரம் கிணத்துத் தண்ணியில இறங்கினதுதான் காரணம்னு கதையில வருது. விளைச்சலைப் பார்த்து எல்லாரும் மெச்சினாங்க, அந்தக் கிணத்துத் தண்ணியைப் பத்தி யாரும் கேக்கலை.

நிலம் இருந்தா குடும்பம் கலையாதுன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. அது பாதிதான் உண்மைன்னு நான் நினைக்கிறேன். ஒருத்தர் மட்டுமே பேசி, மத்தவங்க தலையாட்டிக்கிட்டே இருக்கிற வீட்டுல ஆயிரம் ஏக்கர் இருந்தாலும் அது சண்டைக்குத்தான் ஆகும். ஜோட் வீட்டுலயும் சண்டை உண்டு. ஆனா அங்கே அந்தம்மா எதிர்த்துப் பேசினதும் ஆம்பளைங்க இறங்கி வந்தாங்க. லாரி குக் வீட்டுல தயங்கின பொண்ணு வெளியே போனாள்.

எனக்கு இருக்கிறது மூணே கால் ஏக்கர். ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் பேர்ல இப்பவே செட்டில்மென்ட் எழுதிடுங்கன்னு சொந்தக்காரங்க தினமும் சொல்றாங்க. ரெண்டு பேரையும் உக்கார வச்சு, மனசுல இருக்கிறதை முழுசாக் கேக்காம நான் எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடுறதா இல்லை. என் பொண்ணு எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னா, அதையும் பங்காளியோட பேச்சாத்தான் எடுத்துக்குவேன்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஊர்ல பிரிக்காத பூர்வீக நிலம் இருக்கும். பாகப்பிரிவினைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கதையையும் ஒரு தடவை படிச்சிடுங்க.