சின்னம்மாவும் கைந்நூலும்

ஒரு பொருளை வாங்கினால் அதனோடு ஒரு சிறு நூலும் இலவசமாக வந்து சேர்கின்றது. பெட்டியைத் திறந்தவுடன் நாம் முதலில் ஒதுக்கி வைப்பதும் அந்நூலைத்தான். அலுமாரியின் அடித்தட்டிலே பழைய பற்றுச்சீட்டுகளுடன் கிடக்கும் அது, இயந்திரம் பழுதுற்ற அன்றே மீண்டும் வெளிச்சத்தைக் காணும். வாசிக்காதது நமது குற்றமா, வாசிக்க இயலாதவாறு எழுதியது அவர்களுடைய குற்றமா என்ற வினா நெடுநாளாக நம் மனத்தில் இருந்து வந்தது. சென்ற மாதம் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சோதனை அதற்கு ஓரளவு விடை தந்தது.

நம் சின்னம்மாவுக்கு எழுபது வயது. குருதியமுக்கத்துக்குப் பத்தாண்டுகளாக மருந்து உட்கொண்டு, மாதந்தோறும் ஆசுபத்திரிக் கிளினிக்குக்குச் சென்று வருபவர். கனடாவிலிருக்கும் மகன், அமுக்கத்தை வீட்டிலேயே பார்ப்பதற்கென ஒரு மின்னியற் கருவியை அனுப்பியிருந்தார். மேற்கையிற் சுற்றுவதற்கு ஒரு பட்டி, அதிலிருந்து ஒரு குழாய், இலக்கங்கள் தோன்றும் ஒரு சிறு பெட்டி, இவ்வளவுதான். கருவி வந்த மூன்றாம் நாள் சின்னம்மா நம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நேற்று நூற்றி அறுபத்தெட்டுக் காட்டினது. அரைக் குளிசை கூடப் போட்டனான்" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். வைத்தியரைக் கேளாமல் மருந்தைக் கூட்டினால் அமுக்கம் அளவுக்கு மேல் தாழ்ந்துவிடலாம். இரவிலே எழுந்தபோது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோரை நாம் அறிவோம். கருவி பொய் சொல்லிற்றா, அன்றிச் சின்னம்மா அதனிடம் கேட்ட முறைதான் பிழையா?

மறுநாள் கருவியையும் கைந்நூலையும் கொண்டுவரச் செய்தோம். நம் மகள் உயர்தர வகுப்பு மாணவி. நூலின் ஆங்கிலப் பகுதியை அம்மம்மாவுக்குத் தமிழிற் சொல்லும் பொறுப்பு அவளுடையது. (அனுப்பிய நாட்டின் வழக்கப்படி நூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது, அதிற் குறை சொல்வதற்கில்லை.) நூலில் உள்ளதைத் தவிர வேறொரு சொல்லும் எவரும் சொல்லலாகாது என்று நிபந்தனை விதித்துக்கொண்டோம். கருவியை அறிந்த ஒருவன் நூலைப் படிக்கும்போது, அதில் இல்லாததையும் தன் அறிவினால் நிரப்பிக்கொள்கிறான். அறியாதவர் எந்த இடத்திலே திகைத்து நிற்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து வாய் திறவாமற் பார்ப்பவனுக்கே நூலின் குறை புலனாகும். வகுப்பறையிற் பேசியே பழகிய நமக்கு அந்த மௌனம் எளிதாயிருக்கவில்லை.

முதல் ஒன்பது பக்கங்களும் எச்சரிக்கைகள். நீரில் அமிழ்த்தாதே, பச்சிளங் குழந்தைகளுக்கு உபயோகியாதே, குழாயைக் கழுத்திற் சுற்றாதே, பற்றரியை விழுங்காதே என்று ஒரே அளவான எழுத்தில், ஒரே குரலில் நீண்டு செல்கின்றன. அவற்றின் நடுவே, அளவைக் கண்டு மருந்தைத் தாமாக மாற்றலாகாது என்ற வரியும் இருந்தது. சின்னம்மாவுக்கு இன்றியமையாத ஒரே எச்சரிக்கை அதுதான். பற்றரியை விழுங்கும் எண்ணம் அவருக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. இப்பகுதியை எழுதியவர் நீதிபதி ஒருவரை மனத்திற் கொண்டே எழுதியிருக்கின்றார். நோயாளி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்காம் பக்கத்திலே சின்னம்மா, "இதெல்லாம் ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். மகள் நம்மைப் பார்த்தாள். நாம் கூரையைப் பார்த்தோம்.

அடுத்ததாக, திகதியும் நேரமும் அமைக்கும் முறை. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, ஆண்டு மினுங்கும்போது மற்றொன்றை அழுத்த வேண்டும். மூன்று முறை முயன்றும் ஆண்டு மினுங்கியதே தவிர மாறவில்லை. திகதி இல்லாமலும் கருவி அமுக்கத்தை அளக்கும் என்பதை நூல் எங்குமே சொல்லவில்லை. முதல் நாள் சின்னம்மா நூலை மூடி வைத்த இடம் இதுதானாம். ஆகவே, அதற்கப்பாலுள்ள பக்கங்களை அவர் கண்டதேயில்லை.

அந்தப் பக்கங்களிலேதான் உயிரான விஷயம் இருக்கின்றது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல், முதுகு சாய்ந்திருத்தல், பாதங்கள் நிலத்திற் பதிந்திருத்தல், பட்டி வெறுங்கையில் இதயத்தின் மட்டத்தில் இருத்தல், அளக்கும்போது பேசாதிருத்தல், முந்திய அரை மணி நேரத்திற் கோப்பியோ தேநீரோ அருந்தாதிருத்தல், ஒரு நிமிட இடைவெளி விட்டு இருமுறை அளத்தல் ஆகிய யாவும் பதினேழாம் பக்கத்திலே உள்ளங்கையளவு படமொன்றின் கீழ், படிக்கக் கண்ணாடி வேண்டிய எழுத்தில் அடங்கிவிட்டன. படம் நல்ல படம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பட்டியின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு மேலே இரண்டு விரலகலம் நிற்பதை அது தெளிவாகக் காட்டியது. சின்னம்மா அதைப் பார்த்துப் பட்டியைச் சரியாகவே கட்டினார். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு, பட்டி இறுகும்போது, "ஐயோ பிள்ளை, கை நோகுது" என்று மகளுடன் கதைத்துக்கொண்டே இருந்தார். இலக்கம் 164 என்று வந்தது.

பேசாதே என்று மட்டும் நூல் சொல்கின்றது. ஏன் என்று சொல்லவில்லை. 1896இல் இத்தாலிய வைத்தியர் ரிவா ரொச்சி கையிற் பட்டி கட்டி அமுக்கத்தை அளக்கும் முறையைக் கண்டார். 1905இல் ருஷிய வைத்தியர் கொரொற்கோவ், பட்டி தளரும்போது நாடியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். வீட்டுக் கருவியோ ஒலியைக் கேட்பதில்லை. நாடித்துடிப்பினாற் பட்டிக்குள்ளிருக்கும் காற்றில் எழும் மெல்லிய அதிர்வை உணர்ந்தே கணக்கிடுகின்றது. கை அசைந்தால் அந்த அதிர்வு குழம்பும். பேச்சு அமுக்கத்தையே உயர்த்திவிடும். கை தாழ்ந்திருந்தால் அந்த உயரத்துக் குருதியின் பாரமும் சேர்கிறது. பத்துச் சென்ரிமீற்றர் தாழ்வுக்கு ஏறக்குறைய ஏழெட்டு மில்லிமீற்றர் இரசம் கூடும். கையை மடியில் வைத்தால் மேல் இலக்கம் சராசரி நான்கும், தொங்கவிட்டால் ஆறரையும் கூடுவதாக அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். காரணத்தை இரண்டு வரியிற் சொல்லியிருந்தால், சின்னம்மா அதை மறந்திருக்கமாட்டார். பட்டி எந்தச் சுற்றளவுள்ள கைக்குப் பொருந்தும் என்பதோ கடைசிப் பக்க அட்டவணையில் இருந்தது. பட்டி சிறிதானால் இலக்கம் உயர்ந்து காட்டும். வாங்குமுன் அறிய வேண்டியதை வாங்கிய பின்னும் தேடவேண்டியிருக்கிறது.

பின்பு மேசைமேல் ஒரு தலையணையை இட்டு, அதன்மேற் கையை வைத்து, ஐந்து நிமிடம் எல்லோரும் ஊமைகளாயிருந்தோம். 141. ஒரு நிமிடம் கழித்து 138.

அன்று மாலையே நாம் ஒரு காட்போட்டிலே தமிழில், பெரிய எழுத்தில், ஏழு வரிகள் எழுதிப் பெருமையுடன் சின்னம்மாவிடம் கொடுத்தோம். முதல் வரி, "குளிசையை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது" என்பது. அவர் மெல்ல வாசித்து வந்து நான்காம் வரியில் நின்றுவிட்டார். "தம்பி, இதய மட்டம் எண்டு எழுதியிருக்கிறாய். என்ரை இதயம் எந்த உயரத்திலை இருக்குதெண்டு எனக்கென்ன தெரியும்?"

பிறர் எழுதிய நூலை ஒரு நாள் முழுதும் குறைகூறிய நாம், அவ்வரியை வெட்டி, "மேசையில் தலையணை, தலையணைமேற் கை, பட்டி நெஞ்சுக்கு நேரே" என்று மாற்றி எழுதினோம். அட்டை இப்போது கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. காலையும் மாலையும் எடுத்த அளவுகளைச் சின்னம்மா ஒரு கொப்பியிற் குறித்து இம்மாதக் கிளினிக்குக்குக் கொண்டுசென்றார். வைத்தியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய அளவிலேயே குளிசையைத் தொடரச் சொன்னாராம். திகதி மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஆண்டு மினுங்கிக்கொண்டே இருக்கின்றது.