'நாங்கள்' என்றவர்களிடம் 'நாம்' என்று வழக்காடுவோர்

2011 செப்டம்பர் 21 அன்று ஆர்.இ.எம். என்னும் அமெரிக்க ராக் இசைக்குழு தன் இணையதளத்தில் சில வரிகளை வெளியிட்டுக் கலைந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய குழு. 31 ஆண்டுகள், 15 ஆல்பங்கள். நண்பர்களாகவே பிரிகிறோம், கேட்டவர்களுக்கு நன்றி என்பதே அறிவிப்பின் சாரம். ரசிகர்கள் பலர் அந்த நன்றியைத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அவர்களிடையே எழுந்த வேறு இரண்டு குரல்கள் இன்றும் ஓயவில்லை. 'ரசிகரைக் கைவிட்டு எப்படிப் போகலாம்' என்றது ஒன்று. '1997இலேயே போயிருக்க வேண்டும்' என்றது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை.

அப்பிழை ஒரு சிறு சொல்லில் தொடங்குகிறது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை, கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறதா விலக்குகிறதா என்பதைக் காட்டாது. தமிழ் காட்டிவிடும்: 'நாம்' கேட்பவரை உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. அந்த அறிவிப்பைத் தமிழில் பெயர்ப்பவர் தயங்காமல் 'நாங்கள்' என்றே எழுதுவார். ரசிகரோ அதை 'நாம்' என்று கேட்டார். நம் குழு, நம் இளமை, ஆகவே நம் முடிவு. முதல் இரண்டுக்கும் நியாயம் உண்டு. மூன்றாவதற்கு இல்லை.

கைவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். 1996இல் இக்குழு வார்னர் நிறுவனத்துடன் ஐந்து ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. ஐந்தாவது ஆல்பம் 2011 மார்ச்சில் வெளிவந்தது. ஆறு மாதத்தில் குழு கலைந்தது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து செல்பவரை ஓடிப்போனவர் என்று எவரும் சொல்வதில்லை. கலைஞர் என்றதும் அந்த நியாயம் மறந்துபோகிறது. ரசிகர் விலை கொடுத்து வாங்கியது இசைத்தட்டை. இசைத்தவரின் எஞ்சிய வாழ்நாளை அன்று.

'முன்பே கலைந்திருக்க வேண்டும்' என்போரின் வாதம் நயமான ரசனை போலத் தோன்றும். உண்மையில் அது இன்னும் கொடியது. 1995இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மேடையிலேயே டிரம்ஸ் கலைஞர் பில் பெரியின் மூளை இரத்தக் குழாய் வெடித்தது. பிழைத்துவந்தவர் 1997இல் விலகினார். தான் விலகினால் குழு கலையும் என்றால் விலகப்போவதில்லை என்று அவர் சொன்னார். ஆகவே மற்ற மூவரும் தொடர்ந்ததுதான் அவருக்கு விடுதலை தந்தது. யார் எழுதிய பாடலாயினும் நால்வர் பெயரிலும் சமமாக வெளியிட்ட குழுவின் அறம் அது. ரசிகரின் அலமாரியில் நல்ல ஆல்பங்கள் மட்டும் வரிசையாக நிற்க வேண்டும் என்பதற்காக அந்த மூவர் 14 ஆண்டு உழைப்பைத் துறந்திருக்க வேண்டுமா?

முடிவு இசைத்தவர்களுடையதே என்பதை ஏற்க மறுக்கும் மனம், வெளியே ஒரு குற்றவாளியைத் தேடும். பீட்டில்ஸ் ரசிகர்கள் இதற்குச் சான்று. 1967இல் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் இறந்தார். அவருக்குப் பின் நிர்வாகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் பிணக்கு மூண்டது. அவர்களுடைய ஆப்பிள் நிறுவனத்தின் கணக்குகள் சீர்குலைந்தன. 1969 செப்டம்பரிலேயே ஜான் லெனன் தம் விலகலைத் தோழர்களிடம் சொல்லிவிட்டார். 1970 டிசம்பர் இறுதியில் பால் மெக்கார்ட்னி கூட்டுத்தொழிலைக் கலைக்க லண்டனில் வழக்குத் தொடுத்தார். இத்தனை காரணங்கள் கண்முன் இருந்தும் பழி யோகோ ஓனோ மீது விழுந்தது. குழு உடைந்ததற்கு அவர் காரணமல்லர் என்று மெக்கார்ட்னியே 2012இல் சொன்ன பின்னும், ஆண்களின் நட்பைக் கெடுத்தவள் என்ற பொருளில் அப்பெண்ணின் பெயர் ஆங்கிலத்தில் வசைச்சொல்லாக வழங்குகிறது. ரசிகரின் துயரம் வெறுப்பாகத் திரிந்து அகராதி வரை சென்ற வரலாறு இது.

இதைக் காட்டி, ரசிகரின் துயரமே நுகர்வோரின் மயக்கம் என்று தள்ளிவிடும் ஆய்வாளரும் உண்டு. அவர்கள் மறுதிசையில் தவறுகிறார்கள். 1983இல் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்ட 18 வயது மாணவருக்கு 2011இல் 46 வயது. காதல், வேலை, பெற்றோரின் மரணம் எல்லாவற்றுக்கும் அக்குழுவின் ஆல்பங்களே அவருக்கு ஆண்டுக்கணக்கு. அந்தக் கணக்கு இனி நீளாது என்று அறிந்தவர் அழுவதில் ஏளனத்துக்கு இடமில்லை. கேட்டலில் உருவான அந்த 'நாம்' மெய்யானது. ஒலிப்பதிவுகளில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் துயரம் பட்டா ஆகாது. பிறர் உழைப்பின் மீது அது எவருக்கும் உரிமை எழுதித் தருவதில்லை.

2024 ஜூனில் நியூயார்க்கில், பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவொன்றில் பெரி உட்பட நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு பாடலை இசைத்தார்கள். மீண்டும் சேர வேண்டும் என்ற கோரிக்கை உடனே எழுந்தது. நால்வரும் அதற்கு இசையவில்லை. அந்த ஒரு பாடலோடு மேடையை விட்டு இறங்கினார்கள்.